இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கிடலாம்

லண்டன் ஹீத்ரோவில் காலை 10:00 மணிக்குப் புறப்பாடு. நியூயார்க் ஜான் எப். கென்னடியில் அன்று பிற்பகல் 1:00 மணிக்கு வருகை. டிக்கெட்டில் இப்படி இருந்தால் பயணம் மூன்று மணி நேரம் என்று புதிதாகப் பறப்பவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது எட்டு மணி நேரம். இதே தடத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு. கென்னடி 40.64 வடக்கு, 73.78 மேற்கு.

படி 2: தூரம். சுவர் வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளக்கவே கூடாது. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும்போது வடக்குப் பகுதிகள் பெரிதாகிவிடுகின்றன. உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது விழும் கோடுதான் மிகக் குறுகிய வழி. லண்டன்–நியூயார்க் வழி வரைபடத்தில் வடக்கே வளைந்து தெரிவது இதனால்தான். விமானம் சுற்றிப் போகவில்லை.

கால்குலேட்டரை டிகிரி முறையில் வைத்துக்கொள்ளுங்கள். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.5095. அவற்றின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசமான 73.33 டிகிரியின் கொசைனையும் பெருக்கினால் 0.1356. இரண்டின் கூட்டுத்தொகை 0.6451. இதன் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) சுமார் 49.83 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம், தூரம் சுமார் 5,540 கி.மீ. (ஒரு நிலையம் கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருந்தால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும், 180-ஐத் தாண்டினால் 360-லிருந்து கழிக்க வேண்டும்.) கூகுள் எர்த்தின் அளவுகோலில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் விஷயம் மனதில் நிற்கும்.

படி 3: நேரம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. 5,540-ஐ 900-ஆல் வகுத்தால் 6 மணி 9 நிமிடம். மேலேறவும் இறங்கவும் வேகம் குறைவதால் அரை மணி நேரம் சேருங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் இன்னொரு அரை மணி. ஆக, ஏழு மணிக்குச் சற்று மேல்.

படி 4: காற்று. ஜெட் ஸ்ட்ரீம் என்னும் வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மணிக்கு 100 கி.மீ. எதிர்க்காற்று என்றால் தரைவேகம் 800 ஆகிறது. பறப்பு முக்கால் மணி நேரம் கூடுகிறது. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடுவதால் ஏழு மணி நேரத்துக்குள் முடிகிறது.

படி 5: உள்ளூர் நேரம். நியூயார்க் லண்டனைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. அங்கே பிற்பகல் 1:00 என்றால் லண்டனில் மாலை 6:00. பத்திலிருந்து ஆறு வரை எட்டு மணி. மார்ச்சில் சில வாரங்களும், அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் இந்த வித்தியாசம் 4 மணியாகக் குறையும். இரு நாடுகளும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை.

உங்கள் விடைக்கும் விமான அட்டவணைக்கும் இடையே பல மணி நேரம் வித்தியாசம் வந்தால், வழியில் மூடப்பட்ட வான்வெளி இருக்கிறதா என்று பாருங்கள். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது. நிலையங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன, வழிதான் நீண்டுவிட்டது. இப்படிப்பட்ட தடங்களுக்கு விமானம் உண்மையில் சுற்றிப் போகும் தூரத்தைத் துண்டு துண்டாக அளந்து கூட்டிய பிறகு படி 3-க்கு வாருங்கள்.