வலை கட்டி இறுகிய கழுத்தை நீங்களே தளர்த்த

பாம்பனோ கீழக்கரையோ, வலை கட்ட உட்கார்ந்தால் காலை நீட்டி, பெருவிரலில் வலையை மாட்டி, கண்ணியிலேயே கண்ணை வைத்து மணிக்கணக்கில் குனிந்திருக்கிறோம். தலையின் எடை 4½ முதல் 5 கிலோ. குனியக் குனிய அதைத் தாங்கும் தசைக்குச் சுமை பல மடங்காகும். வலி கழுத்தில் தெரிந்தாலும் பெரும்பாலும் தோளின் மேல்சதையும் சேர்ந்தே இறுகியிருக்கும். அதனால் தோளில் தொடங்குங்கள்.

முதலில் ஒத்தடம். இரண்டு கைப்பிடி கல்லுப்பை வறுத்து, பருத்தித் துணியில் இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, பொறுக்கும் சூட்டில் 10 நிமிடம் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஒத்தடம் வேண்டாம்.

வலது தோளுக்கு இடது கை. கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவிலுள்ள சதையைக் கவ்விப் பிடித்து மெதுவாகப் பிசையுங்கள். உருண்டையாகத் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி 20 முதல் 30 விநாடி அழுத்துங்கள். மூச்சை அடக்காதீர்கள். நோவும் சுகமும் கலந்து இருந்தால் அளவு சரி. மறுநாள் வலி கூடினால் அழுத்தியது அதிகம். எண்ணெய் தடவிக்கொண்டு தொடங்கினால் பிடி வழுக்கும். நல்லெண்ணெய் கடைசியில் நீவிவிட மட்டும் போதும்.

அடுத்து பிடரி. இரு கைகளையும் தலைக்குப் பின்னே கோத்து, மண்டையோட்டின் கீழ்விளிம்பில், நடுக்குழிக்கு இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து சிறு வட்டமாக ஒரு நிமிடம் தேயுங்கள். கண்ணாடி மாட்டி, தலையை அண்ணாந்தபடி நீந்திப் பாசி எடுக்கும் பெண்களுக்கு இறுகுவது இந்த இடம்தான். கழுத்தின் முன்பக்கத்தை மட்டும் அழுத்தவே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அங்கே இருக்கிறது.

தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் கை எட்டாது. பிள்ளைகள் விளையாடும் டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். முதுகெலும்பின் மேல் பந்து ஏறக்கூடாது.

சதை தளர்ந்த பிறகே பயிற்சி. நேரே பார்த்தபடி முகவாயைப் பின்னுக்குத் தள்ளி 5 விநாடி நிறுத்துங்கள், 10 தடவை. பலர் இதைத் தலையைக் குனிந்து செய்கிறார்கள். அதில் பயன் இல்லை. பிறகு காதைத் தோள் பக்கம் சாய்த்து 20 விநாடி, பக்கத்துக்கு மூன்று முறை. எதிர்த்தோள் தூக்கிக்கொள்ளாமலிருக்க அந்தப் பக்கக் கையால் உட்கார்ந்திருக்கும் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாமல் ஒன்றையொன்று தள்ளுங்கள், 5 விநாடி. பின்தலையிலும் இரு பக்கமும் அதேபோல்.

சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். திடீர்த் திருப்பலில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான், வந்தால் மீள்வது கடினம்.

வேலையின்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிமிருங்கள். மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வலையைப் போட்டுக்கொண்டால் குனிவு குறையும்.

கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, படகில் விழுந்தபின் வலித்தாலோ பிசையாமல் மருத்துவமனைக்குப் போங்கள். வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் 108ஐ அழையுங்கள்.