வேப்பம்பூ உதிரும் நாட்களில் பெரியவர்களுக்கு ஒரு நல்ல வேலை

முதியோர் குடியிருப்பு வளாகத்தில் ஒரு வேப்பமரம் இருந்தால் பங்குனி மாதத்தை வீணாக்காதீர்கள். கோவைப் பக்கம் அத்தை இருக்கும் குடியிருப்பில் வருடா வருடம் உதிரும் வேப்பம்பூவைச் சேர்த்து, பெரியவர்களே பொறுக்கிச் சுத்தம் செய்கிறார்கள்.

இரவே மரத்தடியில் பழைய பருத்தி வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட வேண்டும். விடியற்காலையில், பெரியவர்கள் நடக்க வருமுன், இளையவர் யாராவது அதைச் சுருட்டி எடுத்துவிடட்டும். துணி ஓரம் காலில் தட்டி விழுந்தால் ஆபத்து. அப்புறம் நிழலில் மேசை போட்டு, முறத்தில் பூவைப் பரப்பி, காம்பும் சருகும் பொறுக்கலாம். யாரும் குனிய வேண்டாம். மூட்டுவலிக்காரர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்ளலாம். பார்வை மங்கியவர்கள்கூட விரலால் தடவியே காம்பைப் பிரித்துவிடுவார்கள். அந்தக் கசப்பு மணம் பட்டதும் அவரவர் ஊர்க் கதைகள் தானாக வரும். அதற்காகவே இதைச் செய்யலாம் என்பேன்.

வெயில் ஏறுமுன், எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பக்கத்தில் தண்ணீரோ நீர்மோரோ இருக்கட்டும்.

பூவை இரண்டு மூன்று நாள் வெயிலில் சருகாகக் காயவைத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். ரசத்துக்கு நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 14 புத்தாண்டு பச்சடிக்கு அவர்கள் கையால் பொறுக்கிய பூவே போகட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் வெல்லத்தைக் குறைத்துத் தனியாக எடுத்து வையுங்கள்.