டைப் 1 சர்க்கரை நோயுடன் பள்ளியில்: உங்களுக்காக நீங்களே பேசுவது எப்படி?

உரிமை, விழிப்புணர்வு என்று ஊருக்காகப் பேசப் போகுமுன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். வகுப்பில் உங்களுக்குச் சர்க்கரை இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? அது மட்டும் அதில் இருக்கட்டும். இரண்டாம் பக்கத்தை அவசரத்தில் யாரும் புரட்ட மாட்டார்கள்.

மேலே அறிகுறிகள். கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல் என்று பலவிதமாக வரும். உங்களுக்கு வருவதை மட்டும் எழுதுங்கள். அடுத்து அளவு. ரத்தச் சர்க்கரையை அளக்கும் மீட்டர் 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே காட்டினால், 15 கிராம் குளுக்கோஸ். 4 கிராம் மாத்திரை என்றால் நான்கு, பழச்சாறு என்றால் சுமார் 150 மி.லி. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. சிறு பிள்ளைகளுக்கு இது குறையும், மருத்துவரிடம் கேட்டே எழுதுங்கள். சாக்லேட் கூடாது என்பதையும் சேருங்கள்: அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊட்டக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) இருந்தால் கொடுத்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: “என்னைத் தனியாக அனுப்பாதீர்கள்.” நல்லெண்ணத்தோடு ‘போய்ப் படுத்துக்கொள்’ என்று அனுப்பினால், பிள்ளை வழியிலேயே விழுந்துவிடலாம்.

இனி கோரிக்கை. ‘கொஞ்சம் ஒத்துழைப்புக் கொடுங்கள்’ என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், எதுவும் மாறாது. இப்படித் தெளிவாகக் கேளுங்கள்: மீட்டரும் குளுக்கோஸும் தேர்வு மேசையிலும் இருக்கும். சர்க்கரையைச் சரிசெய்யும் நேரம் தேர்வு நேரத்தில் கழியாது. தண்ணீருக்கும் கழிவறைக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். (சர்க்கரை ஏறினால் சிறுநீரகம் அதைத் தண்ணீரோடு வெளியேற்றும், அடக்கச் சொல்வது அறியாமை.) இந்த மூன்றையும் ஆண்டின் முதல் வாரத்திலேயே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். விளையாட்டு ஆசிரியருக்கும், பதிலுக்கு வரும் ஆசிரியருக்கும் தாள் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

அம்மா அப்பா கூட வரட்டும், ஆனால் பேசுவது நீங்கள். அதற்குப் பழக, மருத்துவரைப் பார்க்கும்போது முதல் ஐந்து நிமிடம் நீங்களே பேசுங்கள்.

உங்களுக்குக் கிடைத்ததை மற்றப் பிள்ளைகளுக்கும் கேட்பது அடுத்த படி. அதே தாளில் பெயரை எடுத்துவிட்டு, பள்ளி முழுவதற்கும் விதியாக்கச் சொல்லுங்கள். ‘இனிப்பு தின்றதால் வந்ததா?’ என்று கேட்பார்கள். உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிட்டது என்று சொன்னால் போதும், சொந்தக் கதையைப் பிட்டுப் பிட்டு வைக்கத் தேவையில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இன்சுலின் எவ்வளவு போட வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரு மாதம் கழித்து ஆசிரியரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள்: “எனக்கு 62 காட்டினால் என்ன செய்வீர்கள்?” ‘சாக்லேட்’ என்று பதில் வந்தால், தாளோடு மறுபடி உட்கார வேண்டியதுதான்.