கோழிக்கூட்டுக் கூளம்: மாரிக்கு முன் தவிர்க்க வேண்டிய பிழைகள்

ஐப்பசி பிறந்தால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே முறைப்பாடுதான். கூடு நாறுகிறது, குஞ்சு தூங்கி விழுகிறது, எச்சத்தில் இரத்தம் தெரிகிறது. தீவனத்தையும் மருந்தையும் பற்றி ஊரெல்லாம் விசாரித்திருப்பார்கள். காலுக்குக் கீழே, தரையில் உமி, மரச்சீவல் என்று பரப்பிக் கிடக்கும் கூளத்தை மட்டும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். நாங்களும் ஒருகாலத்தில் அப்படித்தான். வெறும் நிலத்தில் குஞ்சு விடக்கூடாது, தண்ணீரைச் சிந்தக்கூடாது என்பதெல்லாம் தெரிந்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன்.

ஈரக் கூளத்தின் மேல் புது உமி

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். தூவானம் அடித்து ஓரமெல்லாம் நனைந்திருக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிக் கூளம் கட்டிபட்டுப் பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். அதன் மேலேயே இரண்டு உரப்பை உமியைக் கொட்டிப் பரவிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

போன மாரியில் விசுவமடுப் பக்கம் ஒரு தம்பியின் கொட்டிலுக்குப் போனேன். "உமி காய்ஞ்சுதானே அண்ணை கிடக்கு" என்றார். மேலே காய்ந்துதான் கிடந்தது. கையை விட்டுக் கிளறினால் நாலு விரல் ஆழத்தில் கறுப்பாய், சூடாய், கண்ணைக் கரிக்கும் நெடி. தூவானத்துக்குப் பயந்து மூன்று பக்கமும் கூரை வரைக்கும் தறப்பாளை இழுத்துக் கட்டியிருந்தார். போதாததற்கு, நாற்றம் போகும் என்று யாரோ சொல்லிச் சுண்ணாம்பும் தூவியிருந்தார். குஞ்சுகள் ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு குவிந்து நின்றன.

கண்ணைக் கரித்த அந்த நெடிதான் அமோனியா வாயு. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் உடைக்கும்போதுதான் அமோனியா வருகிறது. அவற்றுக்கு ஈரமும் சூடும் வேண்டும். மூடிய ஈரக் கூளத்தில் இரண்டும் தாராளம். சுண்ணாம்போ காரத்தன்மை கொண்டது. காரம் ஏற ஏற, கூளத்தில் அடங்கிக் கிடந்த அமோனியமும் அமோனியா வாயுவாகிக் கிளம்பும். காற்றில் அமோனியா பத்து இலட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டினாலே குஞ்சின் கண்ணும் மூச்சுக்குழாயும் கெடத் தொடங்கும். நாளும் உள்ளே போய்வருபவரின் மூக்கு அதற்குப் பழகிவிடும், வெளியாளைக் கூப்பிட்டு மணந்து பார்க்கச் சொல்லுங்கள். இரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும் ஒட்டுண்ணியின் முட்டைகளும் இதே ஈரத்தில்தான் ஓரிரு நாளில் தொற்றும் பருவத்துக்கு வருகின்றன. அந்தத் தம்பி மருந்துக்குக் கொடுத்த காசுக்கு ஓர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய நல்ல உமி வாங்கியிருக்கலாம்.

கட்டிபட்டதை மண்வெட்டியால் வெட்டி வெளியே எறியுங்கள். காய்ந்த மிச்சத்தைக் கிளறிவிட்டு, அப்புறம் புது உமி போடுங்கள். தறப்பாளைக் கீழிருந்து கட்டி, கூரையை ஒட்டி ஒரு முழம் திறந்து விடுங்கள். இன்னும் நல்லது, கிடுகு கூடப் போட்டுத் தாழ்வாரத்தை நீட்டுவது.

ஈரம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பொத்துங்கள். கையை விரித்த பிறகும் உருண்டையாகவே நின்றால் ஈரம் கூட. மெல்ல உதிர்ந்தால் சரி, ஏறத்தாழ 20 முதல் 25 சதவீத ஈரம் இருக்கும். கொஞ்சமும் ஒட்டாமல் தூசாய்ப் பறந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது; அதுவும் மூச்சுக்கு ஆகாது.

ஆலை பாராமல் உமி அள்ளுவது

பழைய மாதிரி ஆலைகளில் உமியும் தவிடும் குறுநொய்யும் கலந்து தூளாய் வரும். தவிட்டில் பூஞ்சணம் பிடிக்கும், எலி வரும், குஞ்சும் தீன் என்று நினைத்துக் கொத்தும். இறப்பர் உருளை பூட்டிய ஆலையில் உமி முழுசாய், தனியாய் விழும். அதைக் கேட்டு வாங்குங்கள். மரச்சீவல் உறிஞ்சுமளவுக்கு உமி ஈரத்தை உறிஞ்சாதுதான். ஆனால் கிளற லேசு, கெதியில் காயும், வன்னியில் மலிவு. காலபோக வெட்டு முடிந்து ஆலைகள் ஓடும்போதே வாங்கி நனையாமல் அடுக்கி வைப்பவருக்கு மாரியில் அலைச்சல் இல்லை.

மரக்காலைத் தூள்

சீவல் நல்லது, மாவாய்க் கிடக்கும் தூள் வேண்டாம். முதிரை மரம் அறுத்த தூள் அறுப்பவரின் தோலுக்கே அரிப்பைக் கொடுப்பது, குஞ்சுக்கு எதற்கு?

வழவழப்பான தாள்

குஞ்சு விட்ட புதிதில் கூளத்தின் மேல் இதை விரித்தால், கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோகும். சொரசொரப்பான தாள் போடுங்கள், அதுவும் முதல் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும்.

நனைந்த வைக்கோல்

வேண்டவே வேண்டாம். பூஞ்சணம் குஞ்சின் நுரையீரலுக்குப் போகும்.

கழித்த கூளம்

மிளகாய்க் கன்றின் அடியில் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். கொட்டிலுக்கு எட்டக் குவித்து, இடையிடையே புரட்டி, சூடு முழுதும் தணிந்த பிறகு தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.