ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: தூரத்தை விட இறங்கும் நேரத்தைப் பாருங்கள்

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது கிரீன்லாந்துக்கு மேலே ஏறி, பின்லாந்தின் வடக்கைத் தொட்டு, ரஷ்யா வழியாக இறங்கி வரும். ஆனால் நேரடி விமானம் கிடையாது. டுபாயில் மாறினாலும் லண்டனில் மாறினாலும் மொத்தம் 14,400 கிலோமீற்றர் அளவில்தான் வரும். எனவே எது கிட்டிய வழி என்று மண்டையை உடைக்க வேண்டாம். நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பதுதான்.

டுபாய் வழியென்றால் முதல் பறப்பு 12 அரை மணித்தியாலம், அடுத்தது 4 அரை. லண்டன் வழியென்றால் 7, பிறகு 10 அரைக்கு மேல். முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு, பாதி வழிக்குள் எழுந்து நடக்கலாம் என்பதால் லண்டனே நல்லது என்பேன். இரண்டு விமானமும் ஒரே ரிக்கெற்றில் இருக்கட்டும். இடையில் 3 மணித்தியாலமாவது வேண்டும். மார்கழி, தையில் இறக்கையில் படிந்த பனியை மருந்தடித்துக் கரைத்த பிறகுதான் விமானம் கிளம்பும். அதிலேயே சிலவேளை ஒரு மணித்தியாலம் போய்விடலாம்.

இனிக் கிழமைக் கணக்கு. குளிர்காலத்தில் இலங்கை நேரம் பத்தரை மணித்தியாலம் முன்னால், கோடையில் ஒன்பதரை. குளிர்காலத்தில் வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பி, காத்திருப்போடு 22 மணித்தியாலம் என்றால், இறங்குவது ஞாயிறு காலை 6:30. சனி என்று நான் சொன்னதை நம்பி, மாமா ஒரு நாள் முன்பே வான் வண்டியோடு வந்து காத்திருந்தார். ஊருக்குச் சொல்லும்போது திகதியையும் கிழமையையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கினால் பயணம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக்கு இன்னும் 350 கிலோமீற்றருக்கு மேல், வான் வண்டியில் 7 மணித்தியாலமாவது பிடிக்கும். ஒருமுறை இரவு 11 மணிக்கு இறங்கி, உடனே வெளிக்கிட்டோம். புத்தளம் தாண்டியதும் சாரதியின் தலை மெல்ல மெல்லச் சரிவதைக் கண்ணாடியில் கண்டேன். பின்னால் பிள்ளைகள் இருவரும் நல்ல நித்திரை. "தம்பி, ஓரமா நிப்பாட்டுங்கோ, ஒரு பிளேன்ரீ குடிப்பம்" என்று தோளைத் தட்டினேன். அவர் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து விடியற்காலையில் இறங்கும் விமானத்தைத்தான் எடுக்கிறேன், நூறு டொலர் கூடினாலும். இரவில்தான் இறங்க முடியும் என்றால் நீர்கொழும்பில் படுத்து, வெளிச்சத்தில் புறப்படுங்கள்.

கட்டுநாயக்காவுக்குப் போகாமல் சென்னை வழியாகவும் வரலாம்: அங்கிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் ஓடுகிறது. ஒன்றேகால் மணித்தியாலம் அளவுதான். ஆனால் அது தனி ரிக்கெற் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து வெளியே வந்து மறுபடி ஏற வேண்டும். அதற்கு இந்திய விசா தேவை. விமானம் சிறியது, 23 கிலோப் பெட்டி இரண்டோடு வருகிறவர்கள் நிறைக் கட்டணத்தை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பையோடு போகிறவருக்கு அருமையான வழி.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணித்தியாலம் வரை ஆகும். அடுத்த நாளே வேலைக்குப் போகலாம் என்று லீவு போடாதீர்கள். ஒரு நாள் கூடுதலாகவே எடுங்கள்.