பந்திக்கு மேலே ஒரு பசுந்தோரணம்

வீட்டு விசேஷத்துக்கு மொட்டைமாடியிலோ முற்றத்திலோ பந்தல் போட்டுப் பந்தி வைக்கும்போது, சாப்பாட்டு மேசைக்கு நேர்மேலே நீளவாக்கில் ஒரு பசுந்தோரணத்தைத் தொங்கவிட்டால் அந்த இடத்தின் முகமே மாறிவிடும். ஆனால் வாசல் தோரணத்துக்கு இல்லாத ஒரு நிபந்தனை இதற்கு உண்டு. இதன் கீழே இலை போட்டுச் சோறு பரிமாறப்படுகிறது. ஆகவே இதிலிருந்து எதுவும் உதிரவோ, சொட்டவோ, அவிழ்ந்து விழவோ கூடாது. தழையைத் தேர்ந்தெடுப்பது முதல் கடைசி முடிச்சு வரை எல்லாவற்றையும் இதைக் கருதியே முடிவு செய்ய வேண்டும்.

தழைகளில் முதலிடம் மாவிலைக்குத்தான். செம்பு நிறத்தில் இருக்கும் கொழுந்து பார்க்க அழகாக இருந்தாலும் வெயில் ஏறுவதற்குள் துவண்டுவிடும் என்பதால், கரும்பச்சையாக முற்றிய இலைகள் உள்ள சிறு கிளைகளையே ஒடிக்க வேண்டும். அடுத்தபடியாக நெட்டிலிங்கத்தைச் சொல்வேன். அதன் நீண்ட, விளிம்பு நெளிந்த இலைகள் இயல்பாகவே கீழ்நோக்கித் தொங்குபவை, பளபளப்பும் எளிதில் குறையாது. வேப்பிலையை எவ்வளவு விரும்பினாலும் பந்திக்கு மேல் கட்டாதீர்கள். பறித்த சில மணி நேரத்திலேயே அதன் சிற்றிலைகள் வாடி உதிரத் தொடங்கிவிடும். அதற்குரிய இடம் வாசல்.

அரளி எந்த நிறமானாலும் அறவே வேண்டாம். அதன் இலை, பூ, தண்டு அனைத்தும் நஞ்சு. பால் வடியும் எருக்கும், நிறம் நிறமாக இலை விடும் குரோட்டன்ஸும் அப்படியே விலக்கத்தக்கவை. மாங்கிளையிலும் ஒடித்த இடத்தில் பால் கசியும், அது தோலில் பட்டால் அரிக்கும் என்பதால், காம்பைக் கழுவித் துடைத்த பின்பே கையாள வேண்டும். இன்னொன்று முசுறு எறும்பு. மாவிலைகளை ஒட்டிக் கூடு கட்டும் இந்தச் செவ்வெறும்புகள் பந்தியில் விழுந்தால் விருந்தினர் எழுந்து ஓடத்தான் வேண்டியிருக்கும். எனவே கிளைகளை வீட்டுக்கு வெளியே வைத்து நன்றாக உதறி, இலைகளின் அடிப்புறத்தையும் பார்த்துவிடுங்கள்.

பச்சைக்கு நடுவே இளமஞ்சள் வேண்டுமென்றால் தென்னங்குருத்தோலைக்கு ஈடு வேறில்லை. தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே என்பதால் நன்றாகக் காய்க்கும் மரத்தின் குருத்தில் கைவைக்காமல், வெட்டி வீழ்த்தப்படும் மரத்திலிருந்தோ பூக்கடைகளிலிருந்தோ வாங்குவதே முறை. வாங்கிய ஓலையை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனி சுருண்டுகொள்ளும். அதைப் பின்னும் விதம் மங்கல நிகழ்வுக்கும் துக்க வீட்டுக்கும் வேறுபடும். வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கிளைகளை முதல் நாள் மாலையே வெட்டி, காம்பு நுனியைச் சாய்வாகச் சீவி, இரவு முழுதும் தண்ணீரில் நிற்க வையுங்கள். தோரணத்துக்கு முதுகெலும்பாக 6 அடி நீள மூங்கில் கழி ஒன்று போதும். மேசை நீளமானால், ஒரே நீண்ட கழியை விட இரண்டு மூன்று கழிகளை வரிசையாகத் தொங்கவிடுவது தூக்கிக் கட்டவும் எளிது, காற்றையும் தாங்கும். கழியின் இரு முனைகளிலும் தேங்காய்நார்க் கயிறு கட்டி, பந்தலின் குறுக்குக் கம்பத்தில் தொங்கவிட வேண்டும். பந்தல் துணியை நம்பி எதையும் கட்டக் கூடாது. தழையோடு சேர்ந்த கழியின் எடையை உத்தேசித்து, அதைப் போல் இரு மடங்கு கனமுள்ள ஒரு வாளித் தண்ணீரை அதே கயிற்றில் சிறிது நேரம் தொங்கவிட்டுச் சோதித்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கணக்கும் எளிது.

உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு பக்கம் விருந்தினர் அமர, மறுபக்கம் பரிமாறுபவர் வாளியும் கரண்டியுமாக நடக்கும் பந்தியில், தழையின் கீழ்நுனி தரையிலிருந்து 7 அடிக்குக் குறையக் கூடாது. குடும்பத்தார் மட்டும் சுற்றி அமரும் மேசையானால் 6 அடி போதும்.

தழைகளைக் கட்ட, தண்ணீரில் ஊறவைத்த வாழைநாரோ சணலோ ஏற்றது. ஈர்க்குக் குத்துவதும், குண்டூசி செருகுவதும், ஸ்டேப்ளர் அடிப்பதும் இங்கே கூடவே கூடாது. அவற்றில் ஒன்று சாம்பாரில் விழுந்தாலும் பெரும் விபரீதம். நான்கைந்து கிளைகளை ஒரு கொத்தாக்கி, கழியின் ஒரு முனையில் இலைநுனி வெளிப்புறம் பார்க்க வைத்து இறுக்குங்கள். அடுத்த கொத்து முந்தைய கொத்தின் காம்பை மறைக்குமாறு நடுப்பகுதியை நோக்கி நகர்ந்து வாருங்கள். பிறகு மறுமுனையிலிருந்தும் அவ்வாறே. காம்புகள் வாட வாட மெலியும், முடிச்சு தளரும் என்பதால் ஒவ்வொரு கொத்தையும் இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். இரு பக்கமும் சந்திக்கும் நடுவிடத்தை மறைக்கச் சிறிய பாக்குக்குலை ஒன்று அருமையாக இருக்கும். அதைக் கழியில் கட்டாமல் தனிக்கயிற்றில் கம்பத்திலிருந்தே தொங்கவிடுங்கள். இதழ் உதிரும் பூக்களைத் தவிர்த்துவிடலாம்.

தொங்கவிட்ட பின் கழியின் இரு முனைகளையும் பக்கவாட்டுக் கால்களுக்கு இழுத்துக் கட்டினால் மாடிக்காற்றில் ஊசலாடாது. விளக்கு வேண்டுமானால் சூடேறாத எல்இடி சரம் மட்டும் போதும். கீழே குத்துவிளக்கு இருந்தால் தோரணத்தை அதற்கு நேர்மேலே வர விடாதீர்கள். காலையில் தண்ணீர் தெளிப்பது நல்லதுதான், ஆனால் பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், இலையில் சொட்டுச் சொட்டாக விழாமல் இருக்க. விசேஷம் முடிந்த அன்றே இறக்கிவிடுங்கள். காய்ந்த தழை நெருப்புக்கு எளிதில் இரையாகும். நாரும் சணலுமாகக் கட்டியிருந்தால் அவிழ்க்காமலே உரக்குழியில் போட்டுவிடலாம், மூங்கில் கழி அடுத்த விசேஷத்துக்கு உதவும்.