தூக்க மூச்சுத்தடைச் சிகிச்சை: மருத்துவரிடம் உங்கள் தரப்பை எடுத்துச் சொல்வது எப்படி?
உறக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோவது அல்லது குறைவதுதான் தூக்க மூச்சுத்தடை. மருத்துவரிடம் "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், வேலைப்பளுதான் காரணம் என்று பேச்சு முடிந்துவிடக்கூடும். எனவே, காலையில் தலைவலி இருந்ததா, பகலில் எப்போது கண் அயர்ந்தது, இரவில் எத்தனை முறை விழிப்பு வந்தது என்பவற்றை முன்கூட்டியே இரண்டு வாரங்களுக்குத் தேதியுடன் குறித்து வையுங்கள். வாகனம் ஓட்டும்போது கண் செருகியிருந்தால் அதையே முதலில் சொல்லுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது. உறக்கத்தில் மூச்சு நிற்பது உங்களுக்கே தெரியாமல் போகலாம் என்பதால், அதைக் கண்டவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

தூக்கப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை தடைப்பட்டது அல்லது குறைந்தது என்ற எண் அதில் முக்கியமானது: பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. வீட்டுப் பரிசோதனை சில நேரம் பாதிப்பைக் குறைத்துக் காட்டும். முடிவு இயல்பாக வந்தும் அறிகுறிகள் தொடர்ந்தால், ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனையைக் கேளுங்கள்.

முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் (CPAP) கருவி ஒத்துவராதபோதுதான் பலர் மனம் தளர்ந்து சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். முகமூடி கசிகிறதா, வாய் உலர்கிறதா, அழுத்தம் தாங்கவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள். வேறு அளவு முகமூடி, ஈரப்பதமூட்டி, அழுத்த மாற்றம் என ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. கருவியில் பதிவான தரவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் முடியாவிட்டால், கீழ்த்தாடையை முன்நகர்த்தி நிறுத்தும் வாய்க்கருவி உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். மறுத்தால் காரணத்தைக் கேட்டறிந்து, வேறொரு தூக்க மருத்துவ நிபுணரின் கருத்தையும் நாடுங்கள்.